அன்னதானத் தட்டில் உருளைக்குப் பதில் நூக்கல்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் அடுப்பு மூட்டும் அன்னதானக் குழுவினருக்கு,

இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை, 14 கிலோமீட்டர் சுற்றில், பசித்தவர் பசியோடு போகாமல் பார்த்துக்கொள்வது நீங்கள்தான். கோயிலிலும் ஆசிரமங்களிலும் அன்னதானம் நடக்கிறது என்றாலும், பாதையோரத்தில் பந்தல் போட்டு, அண்டா ஏற்றி, விடிய விடியப் பரிமாறுவது உங்களைப் போன்ற குழுக்களின் உழைப்பு. கூட்டம் லட்சக்கணக்கில் பெருகும் கார்த்திகை தீபத்தன்றும் சித்திரா பௌர்ணமியன்றும் அந்த உழைப்பு எத்தனை பெரியது என்பதை இந்த ஊர் அறியும். அந்த மரியாதையோடு ஒரு கோரிக்கை வைக்கிறேன். சாம்பார் சாதம், தக்காளி சாதம், தயிர் சாதம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் வைக்கும் உருளைக்கிழங்குப் பொரியல், பூரிக்குக் கொடுக்கும் கிழங்கு மசால், வெஜிடபிள் பிரியாணியில் சேரும் உருளைத் துண்டுகள் ஆகியவற்றின் இடத்தில் நூக்கலை வையுங்கள். டர்னிப் கிடைக்கிற நாளில் அதையும் வைக்கலாம். உலகத்தில் பல வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் உருளைக்குப் பதிலாக டர்னிப்பைச் சமைக்கப் பழகிவருகிறார்கள். நம் சந்தைக்கு டர்னிப் எப்போதாவதுதான் வரும். அதே கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த, சத்திலும் அதற்கு இணையான நூக்கல் பெரும்பாலான நாட்களில் கிடைக்கிறது. வட தமிழ்நாட்டில் நூக்கல் சாம்பார் தெரியாத வீடு குறைவு. ஆகவே நான் கேட்பது புதிய காய் அல்ல, தெரிந்த காய்க்குப் பெரிய இடம்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், உங்கள் முன் கை நீட்டுபவருக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. ஓட்டலில் சாப்பிடுபவர் பூரியை விட்டு இட்லி கேட்கலாம், வீட்டில் சாப்பிடுபவர் பொரியலை மாற்றச் சொல்லலாம். அன்னதான வரிசையில் நிற்பவர் தட்டில் விழுவதைச் சாப்பிடுவார். அதை ஒதுக்குவதைப் பாவமாகவும் நினைப்பார். சர்க்கரை நோயை மனத்தில் வைத்துச் சமைக்கும் பொறுப்பு, அதனால், சாப்பிடுபவரிடமிருந்து சமைப்பவரிடம் வந்து சேர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த இந்தியாப் (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியானபோது, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்பதாகவும் தெரியவந்தது. தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோய். ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிவலம் வருபவர்களில் நடுவயதைக் கடந்தவர்கள் நிறைய. அவர்கள் வரிசையில் இந்த விகிதம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். பாதையிலேயே தங்கியிருக்கும் சாதுக்களின் நிலை வேறு. பௌர்ணமிக்கு வந்து போகிறவருக்கு உங்கள் சாப்பாடு மாதத்தில் ஒருவேளை. ஒரு பந்தலில் இல்லாவிட்டால் மற்றொரு பந்தலில், ஓர் ஆசிரமத்தில் இல்லாவிட்டால் மற்றொரு மடத்தில் என்று வாங்கி உண்ணும் முதிய சாதுவுக்கோ அன்னதானமே அன்றாட உணவு. அவருடைய ஆண்டு முழுவதற்குமான உணவுத் திட்டத்தை, நினைத்தோ நினைக்காமலோ, இந்த ஊரின் அன்னதானக் குழுக்கள் சேர்ந்துதான் வகுக்கின்றன.

உருளைக்கிழங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. பிரச்சினை அது நம் தட்டில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில் இருக்கிறது. அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ உருளைக்கிழங்கு நமக்குச் சோறு மாதிரி. அதுவே சாப்பாடு, பக்கத்தில் கறியோ கீரையோ இருக்கும். நாமோ சோற்றை வைத்துவிட்டு, காய் வைக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் மாவுச்சத்தை வைக்கிறோம். சோற்றுக்கு உருளைப் பொரியல், பூரிக்கு உருளை மசால், தோசைக்குள்ளும் அதுவே. 100 கிராம் உருளைக்கிழங்கில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நார்ச்சத்தும் சேர்ந்து சுமார் 17 கிராம். அதே எடை நூக்கலிலோ டர்னிப்பிலோ 6 கிராமை ஒட்டித்தான். உருளையின் 77 கலோரிக்கு எதிரே இவற்றில் 27, 28. நார்ச்சத்து உருளையில் 2 கிராம், நூக்கலில் மூன்றரை கிராமுக்கு மேல். வைட்டமின் சி நூக்கலில் 60 மில்லிகிராமைத் தாண்டும், அடுப்பில் ஒரு பகுதி போனாலும் மீதி நிற்கும். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் சாப்பிடுங்கள் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தக் கணக்குப்படி, சாம்பார் சாதமும் உருளைப் பொரியலும் வைத்த தட்டில் சாம்பாரில் கிடக்கும் இரண்டு முருங்கைத் துண்டைத் தவிர காய் என்று எதுவும் இல்லை.

டர்னிப்பின் கதையும் இதையே சொல்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்து வேர்விடும்வரை அங்கே ஏழைகளின் கிழங்கு டர்னிப்தான். உருளை அதை ஓரம் தள்ளியதற்கு ஒரு காரணம், அதே எடையில் கூடுதல் கலோரியை அது கொடுத்தது. முதல் உலகப்போரின் நடுவே, 1916-17 குளிர்காலத்தில், உருளை விளைச்சல் பொய்த்த ஜெர்மனியில் மக்கள் டர்னிப்பின் உறவுக்கிழங்கான ருட்டபேகாவைத் தின்று காலம் தள்ளினார்கள். உடம்பு வற்றியது. அந்த நாட்டின் நினைவில் அது பஞ்சக் குளிர்காலமாகவே பதிந்திருக்கிறது. கலோரி பற்றாத காலத்தில் இந்தக் கிழங்குகளைக் கைவிட்டது சரியான முடிவு. ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்துவிட்ட, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வீடு புழங்குகிற தமிழ்நாட்டில் நிலைமை நேர் எதிர். 2025-இல் வெளியான இந்தியாப் ஆய்வின் உணவுப் பகுதி, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி, தீட்டிய தானியம், சர்க்கரை என்றும் காட்டியது. இப்படிப்பட்ட தட்டில் பக்கத்துக் காய் கலோரி குறைந்ததாக இருப்பதே நல்லது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான ஆதாரம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2025-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவில் மருத்துவத் துறையில் பணியாற்றிய 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பல்லாண்டுகால உணவுப் பழக்கத்தை எடுத்துப் பார்த்தது. வாரத்துக்கு மூன்று முறை எண்ணெயில் பொரித்த உருளை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடியது. வேகவைத்தோ சுட்டோ மசித்தோ சாப்பிட்டவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க உயர்வு தெரியவில்லை. அப்படியானால் அவித்த உருளையில் என்ன தவறு என்று கேட்கலாம். அந்த ஆய்வின் அடுத்த பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: உருளையின் இடத்தில் முழுத்தானியம் வைத்தால் ஆபத்து குறைந்தது, வெள்ளை அரிசி வைத்தால் கூடியது. அதாவது, அவித்த உருளையைவிட நம் சோறு ஒரு படி மோசம். அங்கே உருளை சோற்றுக்குப் பதில். இங்கே சோற்றோடு உருளை. அவர்களுடைய தட்டில் பாதிப்பில்லாதது, ஏற்கெனவே குவிந்த சோற்றின் மேல் ஏறும்போதும் பாதிப்பில்லாமல் இருக்கும் என்று அந்த ஆய்விலிருந்து முடிவு கட்ட முடியாது. நம் பந்தல்களில் உருளை பெரும்பாலும் அவித்த பிறகு எண்ணெயில் வறுபட்டுத்தான் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கணக்குப் போடத் தெரிந்த ஒருவர், இந்த மாற்றத்தால் மிச்சமாவது எவ்வளவு என்று கேட்பார். நியாயமான கேள்வி. 250 கிராம் சோற்றில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து. அதோடு 100 கிராம் உருளை சேர்ந்தால் 87. உருளைக்குப் பதில் நூக்கல் என்றால் 76. பதினோரு கிராம்தான் வித்தியாசம், இரண்டரை டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். இதுவே முழுப் பயன் என்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். நூக்கலில் தண்ணீர் 90 சதவீதத்துக்கும் மேல். தாராளமாக அள்ளி வைக்கலாம். 200 கிராம் நூக்கல் கூட்டு வைத்து, கேட்பவருக்கு மட்டும் இரண்டாம் கரண்டிச் சோறு போட்டால், முதல் பரிமாறலில் சோறு 150 கிராமே போதும். மொத்தம் 54 கிராம். தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறையும், மாவுச்சத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். உருளையை இரட்டிப்பாக்கி இந்தக் கணக்கைச் செய்ய முடியாது. மாற்றத்தின் உண்மையான பலன், பக்கத்துக் காயை இரண்டு மடங்காக்க அது தரும் சுதந்திரத்தில் இருக்கிறது.

நடப்பவர்களுக்குத் தெம்பு வேண்டாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடப்பவருக்குச் சக்தி வேண்டும்தான். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்பவருக்கு இரண்டாம் கரண்டி எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்கிறேன். கூலி வேலை செய்து களைத்து வருபவர், வளரும் பிள்ளை, கர்ப்பிணி என யாருக்கும் சோற்றை அளந்து போடும் எண்ணமே கூடாது. தெம்பு சோற்றிலிருந்து வரட்டும், காயின் இடத்தில் காய் இருக்கட்டும். தெம்பைக் கூட்ட விரும்புகிற குழு, நூக்கலோடு கொண்டைக்கடலையைச் சேர்த்துக் குருமா வைக்கலாம். காஷ்மீரத்தில் டர்னிப்பை ராஜ்மாவோடு சேர்த்துக் குளிர்காலத்தில் சமைக்கிறார்கள். நூக்கலும் அங்கே இலையோடு அன்றாடக் காய். கிழங்கின் மென்மையும் பருப்பின் புரதமும் ஒரே பாத்திரத்தில் கூடும் அந்த யோசனை, சுண்டல் ஊறப்போடத் தெரிந்த நமக்குக் கடினமே இல்லை.

இனி அடுப்படிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த யோசனை தோற்பதாக இருந்தால் அங்கேதான் தோற்கும். உருளையைச் சமைக்கிற கைப்பழக்கத்தோடு நூக்கலைச் சமைத்தால் கெட்டுப்போகும். முதலில் வாங்குவதில் கவனம் வேண்டும். கைக்குள் அடங்கும் அளவு, இலை வாடாதது, நகம் வைத்தால் பதியும் தோல். பெரிதாக முற்றியதில் உள்ளே மரம்போல நார் ஓடும், எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. தோலை உருளைக்குச் சீவுவது மாதிரி மெல்லிசாகச் சீவினால் போதாது. தோலுக்கு அடியில் இருக்கும் நார்ப்பட்டை கழியும்வரை கத்தியால் தடிமனாக எடுக்க வேண்டும், குறிப்பாக வேர்ப்பக்கம். பிறகு ஒரே அளவுத் துண்டுகள். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு, மூடாமல் வேகவையுங்கள். கோஸ் குடும்பத்துக் காய்களுக்கே உரிய கந்தக வாடை ஆவியோடு போய்விடும். மூடி வைத்தாலும் அளவுக்கு மீறிக் குழைந்தாலும் அந்த வாடை காயிலேயே தங்கும். பொரியல் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலரும் இந்த வாடையைத்தான் சொல்கிறார்கள். குத்தினால் கத்தி இறங்கி, தூக்கினால் துண்டு உடையாத பதத்தில் வடித்து, அகலமான தட்டிலோ துணியிலோ பரப்பி ஆறவிட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைப் பெரிய சமையலில் தவிர்க்கத் தோன்றும். தவிர்த்தால் வாணலியில் தண்ணீர் விட்டுக்கொண்டு வதக்கல் அவியலாகிவிடும்.

மசால் என்றால் இன்னொரு நுணுக்கம். உருளை மசாலின் கெட்டித்தன்மை மாவுச்சத்திலிருந்து வருவது. நூக்கலை மசித்தால் ஒட்டாது, தண்ணீரும் சக்கையுமாகப் பிரியும். அதற்குக் கைவசம் மருந்து இருக்கிறது: பூரி மசாலுக்குக் கடலை மாவு கரைத்து ஊற்றுவது பல சமையற்காரர்களுக்குப் பழக்கமே. அதையே இங்கே கொஞ்சம் கூட்டிச் செய்யலாம், அல்லது பொட்டுக்கடலை மாவோ குழைய வெந்த பாசிப்பருப்போ சேர்க்கலாம். கடுகு, உளுத்தம்பருப்பு, சோம்பு, நிறைய வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், மஞ்சள் என்று தாளிப்பு வழக்கம்போல. வெங்காயத்தை நன்றாக வதக்கினால் நூக்கலின் இலேசான இனிப்பு அதோடு கலந்து தனியாகத் தெரியாது. காரப் பொரியலுக்கு, ஆறிய துண்டுகளை மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி, பரந்த கல்லில் ஒரே அடுக்காக வறுக்க வேண்டும். ஓரம் சிவக்கும். மொறுமொறுப்பு வராது, அதைச் சொல்லிவிடுவது நல்லது. எண்ணெயில் பொரித்துச் சிப்ஸ் மாதிரி செய்ய முயன்றால் எண்ணெய் குடித்துத் துவண்டுதான் கிடக்கும். பிரியாணியில் உருளை செய்யும் வேலையை நூக்கல் குறையில்லாமல் செய்கிறது, மசாலாவை உறிஞ்சிக்கொண்டு துண்டாக நிற்கிறது. இளம் இலைகளைத் தூக்கிப் போடாதீர்கள். நறுக்கிப் பருப்போடு கூட்டாக்கினால் அது இன்னொரு காய்.

உங்களில் சிலர் மரபைச் சொல்லித் தயங்கக்கூடும். மடப்பள்ளியிலும் திதிச் சமையலிலும் இங்கிலீஷ் காய் சேர்ப்பதில்லை என்பது பல இடங்களில் இன்னும் காக்கப்படும் வழக்கம். நூக்கல் அந்தப் பட்டியலில் உள்ள காய்தான். ஆனால் உருளைக்கிழங்கும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்து நீலகிரி மலைத் தோட்டங்களில் வளர்ந்து நம் சந்தைக்கு இறங்கியவை. உருளைக்கு வாசல் திறந்த பந்தலில் நூக்கலைத் தடுக்க மரபைத் துணைக்கு அழைக்க முடியாது. நாட்டுக் காய் மட்டுமே என்று உறுதியாக இருக்கும் குழுக்கள் உருளையையே வாங்குவதில்லை. அவர்களிடம் நான் கேட்பது இன்னும் எளிது. வாழைக்காயும் சேனையும் மாவுச்சத்து மிகுந்தவை என்பதை நினைவில் வைத்து, வெள்ளைப் பூசணி, புடலை, சுரை, அவரை, கத்தரி ஆகியவற்றுக்கு அதிக முறை கொடுங்கள். முள்ளங்கியும் நல்ல காய். 100 கிராமில் மாவுச்சத்து மூன்றரை கிராம்கூட இல்லை.

செலவும் வேலையும் மெய்யான தடைகள். உருளை மூட்டையை வாங்கி மூலையில் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும். நூக்கல் சில நாளில் வாடி நாரேறும். தோலும் தண்டும் போக எடை நன்றாகக் குறைவதால், கடை விலையை மட்டும் பார்த்து ஒப்பிடக் கூடாது. நறுக்கி முடித்தபின் நிற்கும் காயின் விலையைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சில மாதங்களில் உருளையைவிடக் கூடுதலாகவே ஆகும், ஆட்கூலியும் நேரமும் கூடும். உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது: பௌர்ணமி எந்த நாளில் வரும் என்று ஆண்டு தொடங்கும்போதே காலண்டரில் தெரியும். சந்தைக் கடைக்காரரிடம் மாதாமாதம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், ஓசூர்ப் பக்கத்திலிருந்தோ நீலகிரியிலிருந்தோ இளங்காயாக வரவழைத்துத் தர முடியும். பல குழுக்கள் சேர்ந்து ஒரே இடத்தில் சொன்னால் விலையும் படியும். நன்கொடையாளர்கள் மூட்டை மூட்டையாக உருளையைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் அடுத்த முறை பருப்பும் கொண்டைக்கடலையும் கேளுங்கள், மனமுவந்து கொடுப்பார்கள்.

தைராய்டு உள்ளவர்கள் கோஸ் வகைக் காய் சாப்பிடக் கூடாது என்ற பேச்சு பரவலாக இருப்பதால் அதற்கும் ஒரு வார்த்தை. இந்தக் காய்களில் அயோடின் பயன்பாட்டைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. வேகவைக்கும்போது அவை குறைகின்றன. அயோடின் உப்பு சேர்த்த சாப்பாட்டில், ஒருவேளைக்கு ஒரு கரண்டி இரண்டு கரண்டி அளவில், அது கவலைப்படும் விஷயம் அல்ல. சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் உருளையானாலும் நூக்கலானாலும் மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும். இரண்டிலும் பொட்டாசியம் உண்டு. நூக்கல் மருந்தும் அல்ல. அதைச் சாப்பிட்டதால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று எந்தப் பந்தலிலும் யாரும் சொல்லிவிடக் கூடாது, எழுதியும் வைக்கக் கூடாது.

ஒரே பௌர்ணமியில் எல்லா அண்டாவையும் மாற்ற வேண்டியதில்லை. பழகிய நாக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் நாக்கு, உருளையைத் தேடும். முதல் மாதம் பாதி உருளை, பாதி நூக்கல் என்று ஒரே மசாலில் போடுங்கள். 100 கிராமுக்கு 17 கிராமாக இருந்தது 12-ஐ ஒட்டி இறங்கிவிடும், சாப்பிடுபவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. தட்டில் மிச்சம் எவ்வளவு திரும்புகிறது என்று பரிமாறுபவர்கள் கவனிக்கட்டும். குப்பைத்தொட்டியைவிட நேர்மையான கருத்துக் கேட்பு கிடையாது. திரும்புவது குறைவாக இருந்தால் அடுத்த மாதம் முக்கால் பங்கு. தினமும் சாதுக்களுக்கு உணவு கொடுக்கும் குழுக்கள் பௌர்ணமிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்கலாம், ஐம்பது பேருக்குச் சமைக்கும் இடத்தில் பதம் பிடிபடுவதும் எளிது. அங்கே கைவந்த சமையற்காரர் ஒருவரைக் கார்த்திகை தீபத்துக்கு முன்பே மற்ற குழுக்களின் அடுப்படிக்கு ஒருநாள் அழைத்துப்போய்ச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பந்தல்களின் மீது அக்கறை கொண்ட ஒருவர்
திருவண்ணாமலை